மின் சிகரெட்டில் ஆவி உருவாக்கம்

மின் சிகரெட் என்பது நிக்கோட்டின் கலந்த திரவத்தை மின்கலத்தின் ஆற்றலால் சூடாக்கி, உள்ளிழுப்பதற்கு ஏற்ற ஆவியாக மாற்றும் ஒரு கருவி ஆகும். இலத்திரனியல் சிகரெட், ஈ-சிகரெட், வேப் ஆகிய பெயர்களாலும் இது அழைக்கப்படுகின்றது. நிக்கோட்டின் இல்லாத திரவங்களும் இதில் பயன்படுத்தப்படுவதுண்டு. இக்கருவியில் புகையிலை எரிவதில்லை. எனவே இதிலிருந்து வெளிவருவது புகை அன்று. பேச்சுவழக்கில் ஆவி எனப்பட்டாலும், அறிவியல் நோக்கில் அது காற்றில் மிதக்கும் நுண்ணிய திரவத் துளிகளின் தொகுதி ஆகும். இத்தகைய தொகுதி வளிக்கூழ்மம் எனப்படும். இது வெறும் நீராவி என்னும் கருத்து பரவலாக இருப்பினும் அது சரியன்று.

ஆவியின் அளவு, அடர்த்தி, சுவை, வெப்பம் ஆகியவை, கம்பிச்சுருள் தரும் வெப்பத்துக்கும் திரி கொண்டுவரும் திரவத்துக்கும் இடையிலான சமநிலையைப் பொறுத்து அமைகின்றன. வெப்பம் குறைந்தால் ஆவி மெலிகின்றது. திரவம் குறைந்தால் ஆவி குறைவதோடு, நச்சுத்தன்மை கொண்ட சேர்மங்களும் உருவாகின்றன. ஆவியைக் கூட்டுவதற்காகச் செய்யப்படும் மாற்றங்கள் பலவும் இச்சமநிலையைக் குலைக்கக் கூடியவை.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த எர்பர்ட் கில்பர்ட் என்பவர், புகையிலையும் புகையும் இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963 ஆம் ஆண்டில் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். 1965 ஆம் ஆண்டில் காப்புரிமை கிடைத்தது. எனினும் அக்கருவி வணிக முறையில் விற்பனைக்கு வரவில்லை.

இன்றுள்ள மின் சிகரெட்டின் முன்னோடியை உருவாக்கியவர் சீன மருந்தாளரான ஒன் லிக் ஆவார். அவர் 2003 ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். 2004 ஆம் ஆண்டில் அக்கருவி சீனாவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் பரவியது. ஒன் லிக்கின் தொடக்க வடிவமைப்பில், அழுத்தமின் பொருள் ஒன்று மீயொலி அதிர்வுகளை உண்டாக்கித் திரவத்தைத் துளிகளாகச் சிதறடித்தது. பின்னர் வந்த கருவிகளில் சூடேறும் கம்பிச்சுருளே பொதுவான முறையாக நிலைத்தது.

மின் சிகரெட்டுகள் தோற்றத்தின் அடிப்படையில் நான்கு தலைமுறைகளாக வகைப்படுத்தப்படுவதுண்டு. சிகரெட் வடிவில் அமைந்தவை முதல் தலைமுறை. பேனா வடிவில் மீள்நிரப்பக் கூடிய தொட்டியுடன் வந்தவை இரண்டாம் தலைமுறை. மின்திறனைக் கூட்டவும் குறைக்கவும் வசதி கொண்ட பெரிய பெட்டி வடிவக் கருவிகள் மூன்றாம் தலைமுறை. சிறிய திரவக் குப்பியைப் பொருத்திப் பயன்படுத்தும் பாட் வகைக் கருவிகள் நான்காம் தலைமுறை. மின் சிகரெட் பிடித்தலைக் குறிக்கும் வேப் என்னும் சொல்லை ஆக்சுபோர்டு அகராதிகள் 2014 ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தன.

பாகங்கள்

மின் சிகரெட்டின் முதன்மையான பாகங்கள் பின்வருமாறு:

• மின்கலம் - பொதுவாக மீள்மின்னேற்றம் செய்யக்கூடிய இலித்தியம் அயனி மின்கலம். இதன் பெயரளவு மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட்டு, முழுமையாக மின்னேற்றப்பட்ட நிலையில் 4.2 வோல்ட்டு.
• கம்பிச்சுருள் - மின்னோட்டம் பாயும்போது சூடேறும் உலோகக் கம்பி. நிக்கல்-குரோமியம் கலப்புலோகம், இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலப்புலோகம், துருவேறா எஃகு ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன.
• திரி - தொட்டியிலிருந்து திரவத்தை உறிஞ்சிச் சுருளுக்குக் கொண்டுவருவது. பருத்தி, சிலிக்கா இழை, நுண்துளைகள் கொண்ட பீங்கான் ஆகியவற்றால் ஆனது.
• தொட்டி - திரவம் நிரப்பப்படும் கலம்.
• காற்றுத் துளைகள் - வெளிக்காற்று சுருளை அடையும் வழி.
• வாய்முனை - பயனர் வாயில் வைத்து இழுக்கும் பகுதி.

சில கருவிகள் பொத்தானை அழுத்தினால் இயங்குகின்றன. வேறு சிலவற்றில், வாயால் இழுக்கும்போது ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தை ஓர் உணரி அறிந்து மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது.

ஆவி உருவாகும் விதம்

குத்துவிளக்கின் திரி எண்ணெயை மேலே ஈர்ப்பது போலவே, மின் சிகரெட்டின் திரியும் நுண்புழைத் தன்மையால் திரவத்தை ஈர்க்கின்றது. சுருள் சூடேறும்போது அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் திரவம் கொதித்து வளிம நிலையை அடைகின்றது. காற்றுத் துளைகள் வழியாக நுழையும் குளிர்ந்த காற்று இவ்வளிமத்துடன் கலந்து அதன் வெப்பநிலையைக் குறைக்கின்றது. அப்போது வளிமம் மீண்டும் நுண்துளிகளாகச் சுருங்குகின்றது. இத்துளிகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான விட்டம் உடையவை. இவை ஒளியைச் சிதறடிப்பதனாலேயே ஆவி வெண்மையாகத் தெரிகின்றது. குளிர்காலத்தில் வாயிலிருந்து வெளிவரும் மூச்சு வெண்மையாகத் தெரிவதும் இதே காரணத்தால் ஆகும்.

திரவத்தின் முதன்மைக் கூறுகளான புரோப்பிலீன் கிளைக்கால் சுமார் 188 °செ வெப்பநிலையிலும், கிளிசரீன் சுமார் 290 °செ வெப்பநிலையிலும் கொதிக்கின்றன. சுருளைச் சுற்றிப் போதிய திரவம் இருக்கும்வரை, கொடுக்கப்படும் வெப்பத்தின் பெரும்பகுதி திரவத்தை ஆவியாக்குவதில் செலவாகின்றது. ஆகவே சுருளின் வெப்பநிலை திரவத்தின் கொதிநிலையை ஒட்டியே நிற்கின்றது. நீர் உள்ள பாத்திரம் அடுப்பில் கருகாமல் இருப்பதும், நீர் வற்றியபின் விரைவில் கருகிவிடுவதும் இதற்கு ஒப்பான நிகழ்வுகளாகும்.

ஆவியின் அளவைத் தீர்மானிக்கும் காரணிகள்

மின்திறனும் மின்தடையும்

ஒரு நொடியில் சுருள் வெளிவிடும் வெப்பம் அதன் மின்திறனுக்குச் சமம். ஓமின் விதிப்படி, மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், மின்தடைக்கு எதிர்விகிதத்திலும் அமைகின்றது. எடுத்துக்காட்டாக, 3.7 வோல்ட்டு மின்னழுத்தத்தில்:

• 1.8 ஓம் சுருள் - சுமார் 7.6 வாட்டு, மின்னோட்டம் சுமார் 2.1 அம்பியர்
• 0.5 ஓம் சுருள் - சுமார் 27 வாட்டு, மின்னோட்டம் 7.4 அம்பியர்
• 0.2 ஓம் சுருள் - சுமார் 68 வாட்டு, மின்னோட்டம் 18.5 அம்பியர்

மின்தடை குறையும்போது மின்திறன் கூடுவதால், அடர்ந்த ஆவியை விரும்புவோர் ஒரு ஓமுக்கும் குறைந்த மின்தடை கொண்ட சுருள்களைப் பயன்படுத்துகின்றனர். இவை துணை-ஓம் சுருள்கள் எனப்படுகின்றன. மின்திறனைப் போலவே சுருளின் மேற்பரப்பும் முக்கியமானது. ஒரே மின்திறன் சிறிய பரப்பில் குவிந்தால் அவ்விடம் மிகையாகச் சூடேறும். பெரிய பரப்பில் பரவினால் ஒரே நேரத்தில் மிகுதியான திரவம் ஆவியாகும். இதனால் தடித்த கம்பி, முறுக்கிய கம்பி, வலை போன்ற தகடு ஆகியவை பயன்பாட்டுக்கு வந்தன.

திரி

ஒவ்வோர் இழுப்பிலும் ஆவியாகும் திரவத்தை அடுத்த இழுப்புக்குள் திரி ஈடுசெய்ய வேண்டும். பருத்தி விரைவாக உறிஞ்சக் கூடியது. ஆனால் திரவம் இல்லாத நிலையில் எளிதில் கருகிவிடும். சிலிக்காவும் பீங்கானும் வெப்பத்தைத் தாங்குவன. திரியை மிக நெருக்கமாகத் திணித்தால் திரவம் ஏறுவது தடைப்படும். மிகத் தளர்வாக வைத்தால் திரவம் ஒழுகும். புதிய சுருளைப் பொருத்தும்போது திரியில் சில துளிகள் விட்டு, தொட்டியை நிரப்பியபின் சில நிமிடங்கள் காத்திருக்குமாறு அறிவுறுத்தப்படுவது, அது முழுமையாக ஊறவேண்டும் என்பதற்காகவே ஆகும்.

திரவத்தின் கலவை

கிளிசரீன் அடர்ந்த வெண்ணிற ஆவியைத் தருகின்றது, சற்று இனிப்பானது. புரோப்பிலீன் கிளைக்கால் மெல்லிய ஆவியைத் தருகின்றது. சுவையூட்டிகளை நன்கு கரைக்கின்றது. தொண்டையில் உறைப்பான உணர்வையும் உண்டாக்குகின்றது. அறை வெப்பநிலையில் கிளிசரீனின் பாகுநிலை புரோப்பிலீன் கிளைக்காலின் பாகுநிலையைவிட 20 மடங்குக்கும் மேற்பட்டது. எனவே கிளிசரீன் மிகுந்த கலவை, சிறிய துளைகள் கொண்ட சுருள்களில் விரைந்து ஏறுவதில்லை. குளிர்ந்த இடங்களில் இக்குறை மேலும் கூடுகின்றது. இரு பொருட்களும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவையாதலால், பயனர்களுக்கு வாய் வறட்சி ஏற்படுகின்றது.

காற்றோட்டம்

காற்று மிகுதியாகச் சென்றால் சுருள் குளிர்ந்து, ஆவி விரைவாக அகற்றப்பட்டு, முகில் பெரிதாகின்றது. ஆனால் சுவை மெலிகின்றது. காற்று குறைந்தால் ஆவி சூடாகவும் செறிவாகவும் இருக்கும். மின்திறனைக் கூட்டிவிட்டுக் காற்றுத் துளையைச் சுருக்கினால் சுருள் மிகையாகச் சூடேற வாய்ப்புண்டு.

இழுக்கும் முறை

ஆவியை முதலில் வாயில் நிறுத்திப் பின்னர் நுரையீரலுக்குள் இழுப்பது ஒரு முறை. நேரடியாக நுரையீரலுக்குள் இழுப்பது மற்றொரு முறை. முன்னையது சிகரெட் பிடிப்பதை ஒத்தது. மின்தடை மிகுந்த சுருள்களுக்கு ஏற்றது. பின்னையது துணை-ஓம் சுருள்களுக்கும் அகன்ற காற்றுத் துளைகளுக்கும் உரியது. சிகரெட்டைப் போலக் குறுகிய நேரம் வேகமாக இழுப்பதைவிட, மெதுவாகச் சில நொடிகள் இழுக்கும்போது சுருள் சூடேறுவதற்கு நேரம் கிடைப்பதால் ஆவி கூடுதலாகக் கிடைக்கின்றது.

ஆவி குறைவதற்கான பொதுக் காரணங்கள்

• மின்கலத்தில் மின்னேற்றம் குறைதல். மின்னழுத்தத்தைச் சீர்படுத்தும் மின்சுற்று இல்லாத கருவிகளில் இதன் விளைவு உடனே தெரியும்.
• இணைப்பு முனைகளில் திரவமோ அழுக்கோ படிந்து மின்னோட்டம் தடைப்படுதல்.
• சுருளில் கரி படிதல். இனிப்பூட்டிகள் மிகுந்த திரவங்களில் இது விரைவாக நிகழ்கின்றது.
• தொட்டியில் திரவம் குறைதல் அல்லது திரி ஊறாமை.
• சுருள் அறையில் திரவம் மிகுதியாகத் தேங்குதல். அப்போது இழுக்கையில் களகளவென்னும் ஒலி கேட்கும். திரவம் வாய்க்குள் தெறிப்பதும் உண்டு.
• காற்றுத் துளைகள் அடைபடுதல்.

இவற்றுள் பலவற்றை மின்திறனைக் கூட்டுவதன் மூலம் சரிசெய்ய இயலாது. திரி ஊறாத நிலையில் மின்திறனைக் கூட்டினால் உலர் இழுப்பு ஏற்படும்.

உலர் இழுப்பு

சுருளுக்குத் திரவம் வந்துசேரும் வேகத்தைவிட அது ஆவியாகும் வேகம் கூடும்போது திரி உலர்கின்றது. அப்போது சுருளின் வெப்பநிலை விரைந்து உயர்கின்றது. இந்நிலையில் இழுப்பது உலர் இழுப்பு எனப்படும். இதன்போது கருகிய, கசப்பான சுவை உணரப்படுகின்றது.

மிகையான வெப்பத்தில் கிளிசரீன் சிதைந்து அக்ரோலின் உருவாகின்றது. சமையல் எண்ணெய் கருகும்போது கண்ணையும் மூக்கையும் உறுத்தும் நெடிக்கும் அக்ரோலின் ஒரு காரணமாகும். திரவத்தின் இரு முதன்மைக் கூறுகளும் சிதைவதால் பார்மால்டிகைடு, அசிட்டால்டிகைடு ஆகியவையும் உருவாகின்றன. பார்மால்டிகைடு மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது.

2015 ஆம் ஆண்டு சனவரியில், ஐக்கிய அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கடிதத்தை வெளியிட்டனர். கருவியை 3.3 வோல்ட்டில் இயக்கியபோது பார்மால்டிகைடு வெளியிடும் சேர்மங்கள் காணப்படவில்லை என்றும், 5.0 வோல்ட்டில் இயக்கியபோது அவை காணப்பட்டன என்றும் அதில் தெரிவித்தனர். கிரேக்க இதயநோய் மருத்துவரான கான்சுடன்டினோசு பார்சலினோசும் அவரது குழுவினரும் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இதற்கு மாற்றுக் கருத்தை முன்வைத்தனர். ஆல்டிகைடுகள் மிகுதியாக உருவாவது உலர் இழுப்பின்போதே என்றும், பயனர்கள் அதன் கருகிய சுவையை உணர்ந்து இழுப்பதை நிறுத்திவிடுவர் என்றும் அவர்கள் கூறினர்.

ஆய்வுக்கூடத்தில் இழுக்கும் பொறி சுவையை அறியாது என்பதனால், இத்தகைய அளவீடுகளில் கருவியின் வகை, மின்திறன், இழுக்கும் நேரம், திரியின் நிலை ஆகியவற்றைக் குறிப்பிடுவது இன்றியமையாததாகும்.

வெப்பநிலைக் கட்டுப்பாடு

உலர் இழுப்பைத் தவிர்ப்பதற்காகச் சில கருவிகளில் வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வசதி சேர்க்கப்பட்டுள்ளது. நிக்கல், தைட்டானியம், துருவேறா எஃகு ஆகியவற்றின் மின்தடை, வெப்பநிலை உயரும்போது கணக்கிடத்தக்க அளவில் கூடுகின்றது. கருவி இம்மாற்றத்தை அளந்து, குறித்த வெப்பநிலையைத் தாண்டாதவாறு மின்திறனைக் குறைக்கின்றது. வெப்பநிலைக்கேற்ப மின்தடை பெரிதும் மாறாத நிக்கல்-குரோமியக் கம்பிகளும் இரும்பு-குரோமியம்-அலுமினியக் கம்பிகளும் இதற்கு ஏற்றவையல்ல. மேலும், அளக்கப்படுவது சுருள் முழுமைக்குமான சராசரியே ஆகும். சுருளின் ஒரு பகுதி மட்டும் உலர்ந்து சூடேறுவதை இம்முறை முழுமையாகக் கண்டறிவதில்லை.

ஆவியின் அளவும் நிக்கோட்டினும்

கண்ணுக்குத் தெரியும் ஆவியின் அளவு, உடலுக்குள் செல்லும் நிக்கோட்டினின் அளவைக் காட்டுவதில்லை. கிளிசரீன் மிகுந்த, நிக்கோட்டின் அறவே இல்லாத திரவமும் பெரிய முகிலை உண்டாக்கக் கூடும். மாறாக, நிக்கோட்டின் உப்பு கலந்த பாட் வகைக் கருவிகள் மெல்லிய ஆவியிலேயே மிகுதியான நிக்கோட்டினைத் தருகின்றன. பென்சோயிக் அமிலம் போன்ற ஓர் அமிலத்தைச் சேர்ப்பதால் நிக்கோட்டினின் காரத்தன்மை தணிகின்றது. தொண்டையில் எரிச்சல் குறைகின்றது. செறிவு மிகுந்த திரவத்தையும் எளிதாக இழுக்க முடிவதால், புகைப்பழக்கம் இல்லாத இளையோர் விரைவில் நிக்கோட்டினுக்கு அடிமையாகும் வாய்ப்பு கூடுகின்றது.

ஒரே திரவத்தைப் பயன்படுத்தும்போது, மின்திறன் கூடினால் ஆவியாகும் திரவமும் நிக்கோட்டினும் கூடும். சிறிய கருவிக்கு உரிய செறிவான திரவத்தைத் துணை-ஓம் கருவியில் இட்டால், தலைசுற்றல், குமட்டல் முதலிய நிக்கோட்டின் மிகைப்பு அறிகுறிகள் தோன்றலாம்.

உடல்நலக் கேடுகள்

மின் சிகரெட்டில் எரிதல் நிகழாததால், சிகரெட் புகையிலுள்ள நச்சுப் பொருட்களுள் பல இதில் இல்லை அல்லது மிகக் குறைந்த அளவிலேயே உள்ளன. புகைப்பழக்கத்தை விட முயன்ற 886 பேரிடம் இங்கிலாந்தில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2019 ஆம் ஆண்டில் வெளியாயின. ஓராண்டின் முடிவில், மின் சிகரெட் பயன்படுத்தியோரில் 18.0 விழுக்காட்டினரும், நிக்கோட்டின் ஒட்டு, மெல்லும் பசை முதலியவற்றைப் பயன்படுத்தியோரில் 9.9 விழுக்காட்டினரும் புகைப்பதை நிறுத்தியிருந்தனர். எனினும், சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்பது தீங்கற்றது என்று பொருள்படாது.

சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் ஆகிய உலோகங்கள் ஆவியில் கலப்பது ஆய்வுகளில் அறியப்பட்டுள்ளது. சுவையூட்டிகள் பலவும் உண்பதற்குப் பாதுகாப்பானவை என ஏற்கப்பட்டவையே. அவை நுரையீரலுக்குப் பாதுகாப்பானவை என்பதற்கு இது சான்றாகாது. வெண்ணெய்ச் சுவைக்காகச் சேர்க்கப்படும் டைஅசிட்டைல் இதற்கு எடுத்துக்காட்டாகும். ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சோளப்பொரி ஆலைத் தொழிலாளர்களிடையே 2000 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட கடும் நுரையீரல் நோய், வெண்ணெய்ச் சுவையூட்டியின் ஆவியுடன் தொடர்புடையது எனத் தெரியவந்தது.

2019 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மின் சிகரெட் தொடர்பான கடும் நுரையீரல் பாதிப்பு பரவலாக ஏற்பட்டது. 2020 பெப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோ உயிரிழந்தோ இருந்தனர். உயிரிழந்தோர் 68 பேர். பாதிக்கப்பட்டோருள் பெரும்பாலோர் கஞ்சாவின் போதைப்பொருள் கலந்த திரவங்களைப் பயன்படுத்தியவர்கள். அத்தகைய கள்ளச்சந்தைத் திரவங்களில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட்டு இதற்கு முதன்மைக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. கலப்படம் செய்தபின்னும் திரவம் நீர்த்துப்போகாமல் பிசுபிசுப்பாகத் தோன்றுவதற்காக இந்த எண்ணெய்ப் பொருள் சேர்க்கப்பட்டது.

மின்கலப் பாதுகாப்பு

ஆவியைக் கூட்டுவதற்காக மின்தடையைக் குறைக்கும்போது மின்னோட்டம் கூடுகின்றது. முழுமையாக மின்னேற்றப்பட்ட 4.2 வோல்ட்டு மின்கலத்துடன் 0.15 ஓம் சுருளை நேரடியாக இணைத்தால் 28 அம்பியர் மின்னோட்டம் பாயும். பரவலாகப் பயன்படும் 18650 வகை மின்கலங்களுள் பல இந்த அளவைத் தொடர்ச்சியாகத் தாங்கக் கூடியவை அல்ல. பாதுகாப்பு மின்சுற்று இல்லாத இயந்திர வகைக் கருவிகளில் இது தீப்பற்றுதலுக்கோ வெடிப்புக்கோ இட்டுச்செல்லலாம். உறை கிழிந்த மின்கலத்தைப் பயன்படுத்துவதும், தனி மின்கலத்தைச் சாவி, நாணயம் ஆகியவற்றுடன் சட்டைப்பையில் வைப்பதும் குறுக்குச்சுற்றை உண்டாக்கக் கூடியவை.

சட்டநிலை

மின் சிகரெட் தொடர்பான சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

• இந்தியா - 2019 செப்டெம்பரில் அவசரச் சட்டத்தின் மூலமும், அதே ஆண்டு திசம்பரில் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலமும் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, விற்பனை, சேமித்து வைத்தல், விளம்பரம் ஆகியவை தடை செய்யப்பட்டன. விற்பனை முதலிய குற்றங்களுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறையோ 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.
• சிங்கப்பூர் - 2018 பெப்ரவரி 1 முதல் வாங்குதல், வைத்திருத்தல், பயன்படுத்துதல் ஆகியவையும் குற்றமாகும்.
• ஐரோப்பிய ஒன்றியம் - 2016 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, திரவத்தின் நிக்கோட்டின் செறிவு ஒரு மில்லிலீட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தொட்டியின் கொள்ளளவு 2 மில்லிலீட்டரைத் தாண்டக் கூடாது.
• ஐக்கிய இராச்சியம் - ஒருமுறை மட்டும் பயன்படும் கருவிகளின் விற்பனை 2025 சூன் 1 முதல் தடை செய்யப்பட்டது.
• ஆத்திரேலியா - 2024 சூலை 1 முதல் மருந்தகங்களில் மட்டுமே விற்கப்பட வேண்டும் என வரையறுக்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

• நிக்கோட்டின்
• கிளிசரீன்
• ஓமின் விதி
• இலித்தியம் அயனி மின்கலம்
• புகைப்பழக்கம்